முயல் ரத்தக்கசிவு நோய் வைரஸின் சொந்த ஊர் எது? "1984, சீனா" என்று எழுதுவது சரியா?

#1 வரகுக்கதிர்

வார இதழ் ஒன்றில் நேற்று ஒரு துணுக்கு. "1984-ஆம் ஆண்டு சீனாவில் தோன்றிய முயல் ரத்தக்கசிவு நோய்…" என்று தொடங்கியது. இதே வாக்கியத்தை இதற்கு முன் எத்தனை இடங்களில் படித்தேனோ, கணக்கில்லை. "தோன்றிய" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

நடந்தது இதுதான். ஜியாங்சு மாகாணம். ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான அங்கோரா முயல்கள். மாலையில் தீனி தின்ற முயல் காலையில் கூண்டில் விறைத்துக் கிடந்திருக்கிறது. ஓராண்டுக்குள் சீனாவில் 14 கோடி வளர்ப்பு முயல்கள் செத்ததாகக் கணக்கு. 1986-இல் இத்தாலி. 1988-இல் ஸ்பெயின். அங்கே அது காட்டு முயல்களுக்கும் பரவிவிட்டது.

இந்த வைரஸ் பிடித்தது ஐரோப்பிய முயலை மட்டும். அந்த முயலின் பூர்விகம் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பம். சீனக் காடுகளில் அந்த இனமே கிடையாது. அங்கே இருந்தவை எல்லாம் கூண்டுக்குள் இருந்தவை. வந்தேறி விலங்கை மட்டும் தாக்கும் நோய் அந்த விலங்கு வந்து சேர்ந்த மண்ணிலேயே பிறந்தது என்பதை எப்படி நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 குறிஞ்சிநாடன்

இதில் மர்மம் என்ன இருக்கிறது நண்பரே? ஆஸ்திரேலியாவில் 1950-இல் முயல்களை ஒழிக்க விட்ட வைரஸ்தானே இது? 1896-இல் உருகுவேயின் மான்டிவிடியோவில் சனரெல்லி என்பவர் தம் ஆய்வக முயல்கள் முகம் வீங்கிச் செத்ததைப் பார்த்து எழுதிவைத்தார். ஊர் தென் அமெரிக்கா. கதை முடிந்தது.

#3 மரபணுமணி

குறிஞ்சிநாடன் ஐயா சொல்வது மிக்சோமா வைரஸ். அது வேறு, இது வேறு. மிக்சோமா அம்மை வைரஸ்களின் குடும்பம். டி.என்.ஏ-வில் எழுதப்பட்டது, ஏறத்தாழ 1,61,000 எழுத்து நீளம். வரகுக்கதிர் கேட்பது கலிசிவைரஸ். மனிதருக்கு வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்குத் தூரத்து உறவு. ஆர்.என்.ஏ, நீளம் வெறும் 7,400 எழுத்து. மிக்சோமா வந்த முயலின் கண்ணும் முகமும் வீங்கிப் பார்க்கவே சகிக்காது. இந்த நோயில் வெளியே ஒன்றும் தெரியாது. கல்லீரல் அழுகி, ரத்தம் உள்ளேயே உறைந்து, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

ஆனாலும் மிக்சோமாவை இங்கே இழுத்தது நல்லதுதான். ஊர் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு அது பாடப்புத்தகம். சனரெல்லியின் முயல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, செத்தன. பிறகு பிரேசிலில் அரகாவோ என்ற அறிவியலாளர் தேடிப்போய், அந்த நாட்டுக் காட்டு முயலான தப்பெத்தியில் இந்த வைரஸ் சாதுவாகக் குடியிருப்பதைக் காட்டினார். தப்பெத்தியின் தோலில் சிறு கட்டி மட்டும்தான் வரும், உயிர் போகாது. கொசு அந்தக் கட்டியில் குத்திவிட்டு ஐரோப்பிய முயலைக் குத்தினால் சாவு. சொந்த வீட்டுக்காரனைக் கொல்லாது, விருந்தாளியைக் கொல்லும். அப்படி ஒரு "சொந்த வீடு" கிடைத்ததால் விடை கிடைத்தது.

ரத்தக்கசிவு வைரஸுக்கு அந்த வீட்டைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

#4 அடிலெய்டு அகிலா

பத்து வருடமாகத் தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன். இந்த வைரஸ் எங்கள் பக்கத்துக்காரன் மாதிரி. முயல்கள் இங்கே 1859-இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவரின் பண்ணையில் வந்திறங்கிய இருபத்து நான்கிலிருந்து பெருகியவை. 2022-இல் மரபணு ஆய்வும் பெருமளவு அந்தப் பண்ணையையே கைகாட்டியது.

ரத்தக்கசிவு வைரஸை 1995-இல் வார்டாங் தீவில் வேலி போட்டுச் சோதித்தார்கள். அக்டோபரில் அது கடல் தாண்டி நிலப்பகுதிக்கு வந்துவிட்டது. ஈக்கள் சுமந்து வந்தன என்பதே பலரின் கணிப்பு. முறையாக அனுமதி கொடுத்தது 1996-இல். வைரஸ் அதற்குள் பாதி நாட்டைச் சுற்றி முடித்திருந்தது. நியூசிலாந்தில் கதை இன்னும் மோசம். 1997-இல் அரசு வேண்டாம் என்று தீர்மானித்த சில வாரங்களில் யாரோ கடத்திக் கொண்டுவந்துவிட்டார்கள். விவசாயிகள் செத்த முயலின் கல்லீரலைச் சமையலறை மிக்சியில் அரைத்து, கேரட்டிலும் ஓட்ஸிலும் பிசைந்து தூவினார்கள்.

வரகுக்கதிர் கேட்டதற்கு வருகிறேன். நோய் பரவியபோது ஒரு புதிர் எழுந்தது. வறண்ட பகுதிகளில் முயல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மழை அதிகமுள்ள குளிர்ந்த பகுதிகளில் சாவு குறைவு. 1995-க்கு முன்பே எடுத்துச் சேமித்திருந்த முயல் ரத்தத்தைச் சோதித்தால், இந்த வைரஸை ஓரளவு அடையாளம் காணும் எதிர்ப்பொருள் அதில் இருந்தது. வராத விருந்தாளிக்கு யார் முன்கூட்டியே இலை போட்டது?

2009-இல் ஆளைக் கண்டுபிடித்தார்கள். நோயே தராத ஒரு கலிசிவைரஸ், முயல் குட்டிகளின் குடலில். யாருக்கும் தெரியாமல் இருந்துவந்திருக்கிறது. அதன் வம்சாவளியின் வயதைக் கணக்கிட்டால், முயல்கள் இந்த நாட்டில் குடியேறிய காலத்தோடு ஒத்துப்போகிறது. அதாவது கப்பலில் முயலோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

#5 கிழக்குத்தெரு

தீவில் சோதனை, அங்கிருந்து தப்பியது, மிக்சியில் அரைத்தது… இவ்வளவு சொல்லிவிட்டு, முதலில் இதை ஓர் ஆய்வகத்தில்தான் செய்திருப்பார்கள் என்று ஏன் ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்? எங்கிருந்து வந்தது என்று தெரியாத கிருமி என்றாலே எனக்குச் சந்தேகம் வரும்.

#6 மரபணுமணி

கிழக்குத்தெரு அண்ணா, சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் வார்டாங் தீவில் தப்பியது செக்கோஸ்லோவாக்கியாவில் 1987-இல் செத்த முயலிலிருந்து எடுத்த வைரஸ். அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பரவிய கதையும் பிறந்த கதையும் வேறு வேறு.

இன்னொன்று. இந்த வைரஸை ஆய்வகத்துக் கண்ணாடிக் குப்பியில், செல்களில் வளர்ப்பது பெரும்பாடு. பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதற்காக உயிருள்ள முயலையே நம்பியிருந்தார்கள். குப்பியில் வளரக்கூட மறுத்ததை 1984-இல் குப்பியில் செய்தார்கள் என்பது நம்பும்படி இல்லை.

இதைவிட வலுவான சான்று பழைய ரத்தம். பிரிட்டனில் 1950-களில் ஆரோக்கியமான முயல்களிடமிருந்து எடுத்து உறைநிலையில் வைத்திருந்த ரத்தத்தில் எதிர்ப்பொருளும் இருந்தது, வைரஸின் ஆர்.என்.ஏ துண்டும் கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவிலும் நோய் வருவதற்கு முன்பு சேமித்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. 1996-இல் இத்தாலியின் பிரெஸ்சியாவில் கப்பூச்சி என்ற ஆய்வாளரின் குழு நோயில்லாத பண்ணை முயல்களிலேயே இதற்கு மிக நெருங்கிய உறவுக்கார வைரஸைப் பிடித்தது. ஆகவே இந்தக் குடும்பம் ஐரோப்பாவில் பல காலமாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. 1984-இல் சத்தம் போட்டது. ஜியாங்சு முயல்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

#7 வரகுக்கதிர்

நன்றி. ஆனால் ஒரு குறுக்குக் கேள்வி. 1950-களின் ரத்தத்தை 1990-களுக்குப் பிந்தைய ஆய்வகத்தில் திறந்திருக்கிறார்கள். அதே ஆய்வகத்தில் இன்றைய வைரஸும் இருந்திருக்கும். பி.சி.ஆர் பொல்லாத கருவி. காற்றில் பறந்த ஒரு துளி விழுந்தால் அதையும் பெருக்கிக் காட்டிவிடும். அந்த ஆர்.என்.ஏ உண்மையிலேயே பழையதா?

#8 மரபணுமணி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நானும் அந்த ஆர்.என்.ஏ-வை முழுதாக நம்பமாட்டேன். இந்த வைரஸில் ஆயிரம் எழுத்துக்கு ஆண்டுக்குத் தோராயமாக இரண்டு மூன்று எழுத்து மாறும். ஐம்பது ஆண்டு என்றால் கணிசமான மாற்றம் தெரிய வேண்டும். பழைய ரத்தத்தில் கிடைத்தது இன்றைய வைரஸை அச்சாக ஒத்திருந்தால், ஒன்று இந்த மாற்ற வேகக் கணக்கு தப்பு, அல்லது குப்பி அசுத்தம்.

ஆனால் எதிர்ப்பொருள் பி.சி.ஆர் மாதிரி இல்லை. அது முயலின் உடல் செய்தது. ஆய்வகக் காற்றில் பறந்துவந்து குப்பிக்குள் விழாது. அதனால் ஆர்.என்.ஏ-வை ஒதுக்கிவைத்தாலும், 1950-களின் முயல் இதைப் போன்ற ஏதோ ஒன்றைச் சந்தித்துப் பிழைத்திருக்கிறது என்பது நிற்கும். அது கொல்லும் வைரஸா, அகிலா அக்கா சொன்ன குடல் வைரஸ் மாதிரி சாதுவா என்பதை மட்டும் எதிர்ப்பொருள் சொல்லாது.

#9 பழைய வாத்தியார்

அருங்காட்சியகங்களில் நூறு வருடத்து முயல் தோல் இருக்குமே, அதில் தேடலாமே? மிக்சோமாவுக்கு அப்படிச் செய்ததாகப் படித்த ஞாபகம்.

#10 மரபணுமணி

செய்தது உண்மை வாத்தியாரே, 2019-இல் வெளிவந்தது. ஆனால் அங்கே பார்த்தது வைரஸை அல்ல, முயலை. மிக்சோமா வருவதற்கு முன் வாழ்ந்த முயல்களின் டி.என்.ஏ-வையும் இன்றைய முயல்களுடையதையும் ஒப்பிட்டார்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா மூன்றிலும் எதிர்ப்புச் சக்தி தொடர்பான மரபணுக்கள் ஒரே திசையில் மாறியிருந்தன. அந்தப் பழைய முயல்களில் ஒன்று சார்லஸ் டார்வினுக்குச் சொந்தமானது!

இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. ரத்தக்கசிவு வைரஸ் ஆர்.என்.ஏ, எளிதில் சிதையும். அது குவிவது கல்லீரலில். பாடம் செய்பவர் முதலில் எடுத்து எறிவது அந்த உள்ளுறுப்புகளைத்தான்.

#11 முயல்வீட்டுக்காரி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் இரண்டு முயல்கள், மூத்தது பெயர் பஞ்சு. 2020-இல் இங்கே வளர்ப்பு முயல்களுக்கு இந்த நோய் வந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஈ வரக் கூடாது என்று பால்கனியைக் கொசுவலையால் மூடினேன். கடையில் வாங்கிய கீரையைக் கழுவிக் கழுவிக் கீரையே கூழாகிவிட்டது. அப்போது "இது பழைய வைரஸ் இல்லை, இரண்டாவது வகை" என்றார்கள். இரண்டாவது என்றால் முதலாவதன் பிள்ளையா?

#12 அடிலெய்டு அகிலா

பிள்ளை இல்லை அம்மா, பங்காளி. இரண்டாவது வகை 2010-இல் பிரான்ஸில் முதன்முதலில் கண்ணில் பட்டது. மேலுறைப் புரதத்தின் மரபணுவை வைத்துப் பார்த்தால் பழையதிலிருந்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு எழுத்துகள் வேறுபடுகின்றன. 1984-இல் கிளம்பியதன் வாரிசாக இருந்தால் இருபத்தைந்து ஆண்டில் இவ்வளவு தூரம் விலகியிருக்க முடியாது.

குணமும் வேறு. பழைய வைரஸ் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விட்டுவைக்கும். இது சில வாரக் குட்டியையும் விடாது. பழையது ஐரோப்பிய முயலோடு நின்றது. இது சில வகைக் குழிதோண்டா முயல்களையும் பிடித்தது, 2020-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நுழைந்து அந்தக் கண்டத்தின் காட்டு முயல்களையும் பிடித்தது. எங்கள் பக்கம் 2015-இல் கான்பராவில் தெரிந்தது. பதினெட்டு மாதத்தில் பழைய வைரஸ்களைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது.

அதனால் "இந்த வைரஸ் எங்கே பிறந்தது" என்ற கேள்வியே ஒருமையில் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. கொல்லும் குணம் இந்தக் குடும்பத்தில் குறைந்தது இரண்டு முறை தனித்தனியாக வந்திருக்கிறது.

#13 பழைய வாத்தியார்

அகிலா "குழிதோண்டா முயல்" என்றது எனக்குப் பிடித்தது. தமிழில் நாம் எல்லாவற்றையும் முயல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நம் கரிசல் காட்டில் பருத்திச் செடிக்கடியில் படுத்திருந்து, காலடிச் சத்தம் கேட்டால் பிய்த்துக்கொண்டு ஓடுமே, அது குழி தோண்டாது. குட்டி பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஐரோப்பிய முயல் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிக்கு மயிரும் இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. இரண்டும் வேறு பேரினங்கள். ஒரே வளைக்குள் நெருக்கியடித்து வாழ்வதுதான் நோய்க்குக் கொண்டாட்டம் என்று நினைக்கிறேன்.

குழிதோண்டா முயலுக்கென்றே இதே குடும்பத்தில் ஒரு வைரஸ் உண்டு அல்லவா? 1980-இல் சுவீடனில் கண்டது. ரத்தக்கசிவு நோய்க்கு நான்கு வருடம் மூத்தது. அதிலிருந்து தாவியதாக இருக்காதா?

#14 மரபணுமணி

வாத்தியாரே, அதை ஒருகாலத்தில் பலரும் நினைத்தார்கள். ஆனால் இரண்டும் வெகுகாலம் முன்பே பிரிந்த கிளைகள். நான்கு வருடத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்று வந்திருக்க வாய்ப்பே இல்லை. தாவல் கட்சிக்காரர்கள் இப்போது வேறு விலங்கைக் காட்டுகிறார்கள். அமெரிக்கப் பஞ்சுவால் முயலை வேட்டைக்காக இருபதாம் நூற்றாண்டில் இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அதன் உடலில் சாதுவாக இருந்தது ஐரோப்பிய முயலுக்குத் தாவியிருக்கலாம் என்பது வாதம். மிக்சோமா கதையின் அதே வடிவம். அழகாக இருக்கிறது, ஆனால் தப்பெத்தியில் அரகாவோ காட்டியது போல யாரும் பஞ்சுவால் முயலில் மூதாதை வைரஸைக் காட்டவில்லை. அழகுக்காக ஒரு கருத்தை நான் ஏற்கமாட்டேன்.

இந்தக் கணக்கில் உள்ள இன்னொரு சங்கடத்தை நானே கையால் தொட்டுப் பார்த்தேன். போன மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுமுறை. பொதுத் தரவகத்திலிருந்து இந்த வைரஸ்களின் ஐம்பது அறுபது மரபணு எழுத்து வரிசைகளை இறக்கி, வீட்டுக் கணினியில் வம்சமரம் போட்டேன். முதலில் மேலுறைப் புரத மரபணுவை மட்டும் கொடுத்தேன். ஆஸ்திரேலியாவின் இப்போதைய கொல்லி வைரஸ் ஒன்று, பிரான்ஸின் இரண்டாம் வகையோடு போய் ஒட்டிக்கொண்டது. எதிர்பார்த்ததுதான். பிறகு அதே வைரஸின் முன்பாதியை, அதாவது தன்னைத் தானே நகலெடுக்கும் கருவிகளுக்கான பகுதியைக் கொடுத்தேன். அது ஆஸ்திரேலியச் சாது வைரஸ்களின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. கோப்பை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். மாற்றவில்லை.

ஒரே முயலுக்குள் இரண்டு வைரஸ்கள் ஒரே நேரத்தில் இருந்தால், நகலெடுக்கும்போது பாதியில் தாவி ஒட்டுச் செடி மாதிரி ஒன்று பிறந்துவிடும். வெட்டு பெரும்பாலும் மேலுறை மரபணு தொடங்கும் இடத்தில் விழும். வேர் ஒரு மரம், தண்டு ஒரு மரம். "இதன் மூதாதை யார்" என்று கேட்டால் "எந்தப் பாதிக்கு" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. முன்பாதி சாதுவிடமிருந்து வந்தும் அந்தக் கலப்பு வைரஸ் கொல்கிறது. ஆகவே கொல்லும் குணத்தின் பெரும்பங்கு பின்பாதியில், மேலுறைப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

#15 கிழக்குத்தெரு

ஆய்வகச் சந்தேகத்தை இப்போதைக்கு மடித்து வைக்கிறேன். ஆனால் பதினான்கு பதிவு படித்தும் எனக்கு ஊர் பெயர் கிடைக்கவில்லை. ஒரே வரியில் சொல்லுங்கள், ஐரோப்பாவா, சீனாவா?

#16 மரபணுமணி

ஐரோப்பா. குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். சாது வைரஸிலிருந்து கொல்லி வைரஸ் எந்த நாட்டில், எந்தப் பண்ணையில் மாறியது என்று கேட்டால், 1984-க்கு முந்தைய கல்லீரல் ஒன்று கிடைக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

#17 குறிஞ்சிநாடன்

நான் தவறாக இழுத்துவந்த மிக்சோமாவுக்குப் பிராயச்சித்தமாக ஒரு செய்தி. 2018 கோடையில் ஸ்பெயினில் ஐபீரியக் குழிதோண்டா முயல்கள் மிக்சோமாவால் சாகத் தொடங்கின. அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நாட்டில் மிக்சோமா இருந்தும் அவற்றை அவ்வளவாகத் தொட்டதில்லை. அந்த வைரஸின் முழு வரிசையையும் படித்தபோது, வேறொரு அம்மை வைரஸிலிருந்து வந்த ஏறத்தாழ 2,800 எழுத்துத் துண்டு உள்ளே செருகியிருந்தது. கொடுத்தது எந்த வைரஸ் என்பது அப்போது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மரபணுமணி சொன்ன ஒட்டுக்கட்டும் வேலை டி.என்.ஏ பக்கத்திலும் நடக்கிறது. என் "கதை முடிந்தது" என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.

#18 முயல்வீட்டுக்காரி

பஞ்சு நலம். தடுப்பூசி போட்டாயிற்று. நீங்கள் பேசுவதைப் படித்துவிட்டுக் கொசுவலையை இன்னும் கழற்றவில்லை.

#19 வரகுக்கதிர்

இதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன். "தோன்றிய" என்பதை "முதலில் கண்டறியப்பட்ட" என்று மாற்றும்படி கேட்டேன். இடம் போதாது என்று பதில் வந்தது. ஒரு சொல் கூடுகிறதாம்.

#20 அடிலெய்டு அகிலா

போன மாதம் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் நடந்தபோது வேலியோரம் ஒரு முயல் கிடந்தது. செத்துப் பல நாள் ஆகியிருக்கும், தோலும் எலும்பும்தான் மிச்சம். எறும்பு வேலையை முடித்திருந்தது. கல்லீரல் போய்விட்டதே என்று நினைத்தேன். காய்ந்துபோன உடலில் சோதனைக்கு எலும்பு மஜ்ஜை போதும் என்று முன்பே கேள்விப்பட்டிருந்ததால், பின்னங்கால் எலும்பு ஒன்றை எடுத்துப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

இன்று முடிவு வந்தது. இரண்டாம் வகை மேலுறை, முன்பாதி உள்ளூர்ச் சாது வைரஸுடையது. மரபணுமணியின் கணினி மூன்று முறை காட்டிய அதே ஒட்டுச் செடி.